அட்டையில் அழிந்ததும் அழியாததும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

"மெமரி கார்டு போய்விட்டது" என்று நம் கல்லூரியில் வாரத்திற்கு ஒருவராவது சொல்லக் கேட்கிறோம். போய்விட்டது என்றால் எது போயிற்று, எது போகவில்லை என்று கேட்பவர் குறைவு. இயற்பியல் பயிலும் மாணவி என்ற முறையிலும், கடந்த ஓராண்டில் தோழியருக்காகவும் நண்பர்களுக்காகவும் இத்தகைய அட்டைகள் பன்னிரண்டைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தவள் என்ற முறையிலும் அக்கேள்விக்கு விடை கூற முற்படுகிறேன். விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டுரையைப் பாதியில் மூடிவைப்பவர்களுக்கும் அது பயன்படும் அல்லவா? அட்டை பழுது என்று தொலைபேசி அறிவிக்கும்போது பெரும்பாலும் கெட்டிருப்பது கோப்புகள் அல்ல. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று எழுதிவைத்த குறிப்பேடுதான். கோப்புகளை உண்மையில் அழிப்பது, அதற்குப் பிறகு அந்த அட்டையில் நாம் எழுதும் புதிய எழுத்தே ஆகும்.

அட்டையின் உள்ளே

நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர், கனம் 1 மில்லிமீட்டர். விரல் நகத்தளவே உள்ள இந்த அட்டையைச் சான்டிஸ்க் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் டிரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் வெளியிட்டது. 2005இல் அதற்கு மைக்ரோ எஸ்டி என்ற பெயர் வந்தது. அதனுள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டறிந்தவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா. 1984இல் அவர் அதனை அறிவியல் உலகிற்கு அறிவித்தார். இன்று நம் அட்டைகளில் உள்ள நேண்ட் வகை 1987இல் அறிவிக்கப்பட்டது.

இதில் காந்தம் இல்லை. சுழலும் தட்டும் இல்லை. மின்கடத்தாப் பொருளால் நாற்புறமும் சூழப்பட்ட மிக நுண்ணிய அறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஓர் அறைக்குள் எலெக்ட்ரான்களைச் செலுத்திவிட்டால், மின்சாரம் நின்றபின்னும் அவை ஆண்டுக்கணக்கில் வெளியேறாமல் அங்கேயே தங்கியிருக்கும். அறையில் எவ்வளவு மின்னேற்றம் உள்ளது என்பதே அங்கு எழுதப்பட்ட செய்தி. சுவருக்குள் கதவில்லாமல் எலெக்ட்ரான் எப்படிப் புகுந்தது? குவாண்டம் இயக்கவியலில் நாம் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யும் 'ஊடுருவல்' விளைவு இங்கே ஐநூறு ரூபாய்ப் பொருளில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது! வகுப்பில் எவரும் இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை இன்னும் விருப்பத்தோடு படித்திருப்பேன்.

ஓர் அறையை மட்டும் தனியே காலிசெய்ய இயலாது என்பது இந்நினைவகத்தின் குணம். பல்லாயிரம் அறைகள் கொண்ட ஒரு பெரும் பகுதியை மொத்தமாகவே துடைக்க வேண்டும். துடைத்த பிறகுதான் மறுபடி எழுத முடியும். துடைப்பது நேரம் பிடிக்கும் வேலை. அறைச் சுவர்களைத் தேயச் செய்யும் வேலையும் கூட. ஆகவே நீங்கள் ஒரு படத்தை 'நீக்கு' என்றவுடன் அட்டை அந்தப் படத்தைத் தேடிப்போய்த் துடைப்பதில்லை. அதன் பெயரை மட்டும் குறிப்பேட்டில் அடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. இந்தச் சோம்பேறித்தனமே நமக்கு வாய்த்த நல்லூழ்.

அடங்கல் ஏடும் நிலமும்

இனி அந்தக் குறிப்பேட்டைக் காண்போம். 32 ஜிகாபைட் வரையுள்ள அட்டைகள் பொதுவாக ஃபாட்32 என்னும் முறையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபாட் என்னும் முறையிலும் அமைக்கப்படுகின்றன. ஃபாட் முறையின் மூல வடிவத்தை 1977இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மார்க் மெக்டொனால்டு அமைத்தார். நெகிழ்தட்டுக் காலத்து ஏற்பாடு இன்றும் நம் சட்டைப்பையில் வாழ்கிறது.

கிராமத்து நிலங்களுக்கு அடங்கல் ஏடு இருப்பதுபோல் அட்டைக்கு இந்தப் பட்டியல். அட்டை முழுவதும் சம அளவுள்ள கொத்துகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கொத்து 32 கிலோபைட் என்று கொண்டால், 16 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 4,88,000 கொத்துகள் இருக்கும். 5 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படத்திற்கு 150 கொத்துகளுக்குச் சற்று மேல் வேண்டும். படத்தின் பெயரும் அது தொடங்கும் கொத்தின் எண்ணும் கோப்புறையில் எழுதப்பட்டிருக்கும். அடுத்த கொத்து எது, அதற்கடுத்தது எது என்பதைப் பட்டியல் சொல்லும். ஒரு கோப்பை நீக்கினால் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படுகிறது. பட்டியலில் அதற்குரிய தொடர் சுழியாக்கப்படுகிறது. அவ்வளவுதான். விரைவு ஃபார்மட் என்பது ஏடு முழுவதையும் வெள்ளைத்தாளாக மாற்றுவது. எக்ஸ்ஃபாட்டில் விவரங்கள் மாறினும் கருத்து இதுவே.

அடங்கல் ஏடு எரிந்துபோனால் நிலம் எரிந்துவிடுமா? வரப்பும் கிணறும் பயிரும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். ஆனால் ஏட்டில் 'தரிசு' என்று ஆகிவிட்டதால் அந்த நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் ஏர் பூட்டி உழுதுவிட்டால் பழைய பயிர் திரும்பாது.

பதிவு நடந்துகொண்டிருக்கும்போது அட்டையை உருவுவது, மின்கலம் தீர்ந்து தொலைபேசி நடுவில் அணைந்துவிடுவது, அட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்குப் படிவது ஆகியவற்றால் ஏடு பாதி எழுதிய நிலையில் நின்றுபோகிறது. சில வேளைகளில் கெடுவது முதல் 512 பைட்டுகள் கொண்ட தொடக்கப் பிரிவு மட்டுமே. அதன் கடைசி இரு பைட்டுகள் 85, 170 என்று இருக்க வேண்டும். இல்லையெனில் இது ஒழுங்கான அட்டையே அல்ல என்று கணிப்பொறி முடிவுகட்டிவிடும். ஃபாட்32 முறையில் அந்தத் தொடக்கப் பிரிவுக்கு ஆறாம் பிரிவில் ஒரு நகல் வழக்கமாக உண்டு. டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் அந்த நகலைக் கொண்டு மூலத்தைச் சரிசெய்யும். அவ்வாறு சரியானால் கோப்புகள் அனைத்தும் பெயரோடும் கோப்புறையோடும் அப்படியே திரும்பிவிடும். என்னிடம் வந்த பன்னிரண்டில் இரண்டு அட்டைகள் இவ்விதம் பத்து நிமிடங்களில் மீண்டன. உரிமையாளர்கள் என்னை மந்திரக்காரி என்று எண்ணிவிட்டனர், நானும் மறுக்கவில்லை.

ஓர் ஆய்வேட்டின் கதை

எல்லா அட்டைகளும் அவ்வளவு எளிதாக மசிவதில்லை. நம் கல்லூரி முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு அக்கா ஒருவர் தம் ஆய்வேட்டிற்காக மூன்று மாதங்கள் ஊர் ஊராகச் சென்று நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று 61 பதிவுகளைத் தம் தொலைபேசியில் சேர்த்திருந்தார். அனைத்தும் ஒரே 16 ஜிகாபைட் அட்டையில் இருந்தன. ஒருநாள் அட்டையைத் திறக்க இயலவில்லை என்றும், ஃபார்மட் செய்யட்டுமா என்றும் தொலைபேசி கேட்டது. அவர் பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் ஃபார்மட் செய்து, அட்டை நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார். அதோடு நில்லாமல், வெறும் அட்டையாகத் தரக்கூடாதென்று இருநூறு திரைப்பாடல்களையும் இலவசமாக நிரப்பிக் கொடுத்தார். அவர் தீங்கு நினைத்துச் செய்தாரல்லர். வாடிக்கையாளரை மகிழ்விக்கச் செய்த மரியாதை அது.

ஃபார்மட் செய்ததால் பெரிய கேடில்லை. கேடு விளைந்தது அந்த மரியாதையினால்தான். இருநூறு பாடல்கள் ஏறத்தாழ 1 ஜிகாபைட். வெற்றட்டையில் எழுதும்போது பொதுவாக முன்பகுதியிலிருந்தே இடம் நிரம்பும். அக்கா முதன்முதலில் சென்ற ஊர்களின் பதிவுகளும் அதே முன்பகுதியில்தான் இருந்தன. கோப்புகளின் பெயர்களைத் தாங்கிய கோப்புறையும் அங்கேயே இருந்தது. அவர் பதிவு செய்த பாட்டிகளுள் ஒருவர் மாசி மாதத்தில் காலமாகிவிட்டார். ஒன்பது பதிவுகள் அவருடைய குரலில் இருந்தன. அந்தப் பாட்டியின் பிள்ளைகளிடம்கூட அவர் குரல் வேறெங்கும் இல்லை என்று அக்கா சொன்னபோதுதான் எனக்கு வேலையின் கனம் விளங்கியது.

முதல் விதி, அட்டையில் நேரடியாக வேலை செய்யக் கூடாது. மைக்ரோ எஸ்டி அட்டையைப் பெரிய எஸ்டி உறையில் இட்டு, உறையின் பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளிவிட வேண்டும். எழுதாதே என்று படிப்பானுக்குச் சொல்லும் வேண்டுகோள் அது. படிப்பான் அதை மதிக்க வேண்டும். அட்டைக்கு அந்தப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கணிப்பொறியில் இட்டவுடன் விண்டோஸ், பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று பரிவோடு கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். சரிசெய்தல் என்பதும் ஒருவகை எழுத்துத்தான். தொலைபேசிக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் மீட்புச் செயலிகளையும் நான் விரும்புவதில்லை. பலவற்றில் கிடைப்பது சிறிதாகக் குறுகிய படங்கள் மட்டுமே. அது போதாதென்று மீட்டதை அதே அட்டையில் சேமிக்கவும் சில கேட்கின்றன.

அடுத்து, அட்டையின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை ஒன்று விடாமல் ஒரே கோப்பாகப் படியெடுக்க வேண்டும். இதனைப் படிமம் என்போம். வெற்றிடம் என்று ஏடு சொல்லும் பகுதியும் இதில் அடங்கும். நாம் தேடுவது அங்கேதானே இருக்கிறது. லினக்சில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இப்பணிக்கு மிகப் பொருத்தமானது. படிக்க அடம்பிடிக்கும் இடங்களை முதலில் தாண்டிச் சென்று நல்ல பகுதிகளை எடுத்துக்கொள்ளும். பிறகே திரும்பிவந்து கெட்ட இடங்களில் மறுபடி முயலும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைப்பதால் இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்தடை மிகுந்த எங்கள் தெருவில் இது பெரும் உதவி. 2014இல் என் அண்ணனுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே இவ்வேலைக்குப் போதுமானதாக இருந்தது. அக்காவின் அட்டைக்குப் படிமம் எடுக்க அரைமணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அதன்பின் அட்டையைத் தாளில் மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். இனி எத்தனை முறை முயன்றாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

ஏடே இல்லாத இடத்தில் கோப்பை எப்படி அடையாளம் காண்பது? தமிழ்த்துறை நண்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். கயிறு அறுந்து கலைந்த சுவடிக் கட்டு ஒன்றில் புதிய நூல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிள்ளையார் சுழியைக் கொண்டோ காப்புச் செய்யுளைக் கொண்டோ அறிகிறோம் அல்லவா? ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் அதற்குரிய பிள்ளையார் சுழி உண்டு. ஜேபெக் புகைப்படம் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும். 255, 217 என்று முடியும்போது 'முற்றிற்று' என்று பொருள். பிஎன்ஜி படம் 137, 80, 78, 71 என்று தொடங்கும். படிமம் முழுவதையும் வரிசையாகப் படித்து, இச்சுழிகளைக் கண்ட இடத்திலெல்லாம் கோப்பை வெட்டியெடுப்பதே ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் செய்யும் வேலை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே இதனையும் டெஸ்ட்டிஸ்க்கையும் எழுதி, உலகுக்கு இலவசமாக வழங்கியுள்ளார். பெயர் புகைப்படத்தைக் குறித்தாலும் நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளை அது அறியும்.

இம்முறைக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, பெயர்கள் திரும்பா. எல்லாக் கோப்புகளும் ஓர் எழுத்தும் நீண்ட எண்ணுமாக வந்து நிற்கும். இரண்டாவது, ஒரு கோப்பின் கொத்துகள் அடுத்தடுத்து இல்லாமல் சிதறிக் கிடந்தால், இரு நூல்களின் ஏடுகள் கலந்ததுபோல் ஆகிவிடும். பாதிப் படத்திற்குக் கீழே வேறொரு படமோ சாம்பல் நிறப் பட்டையோ தெரிவதற்குக் காரணம் இதுவே. அடிக்கடி அழித்து அழித்து எழுதிய அட்டைகளில் சிதறல் மிகுதி. அக்கா எதையும் அழிக்காதவர். ஆதலால் அவருடைய கோப்புகள் பெரும்பாலும் வரிசை குலையாமல் இருந்தன.

ஃபோட்டோரெக் முடிந்தபோது ஒலிக்கோப்புகள் என்று கிடைத்தவை கடைக்காரரின் திரைப்பாடல்கள் மட்டுமே. அக்காவின் முகம் வாடிவிட்டது. பின்னர் பார்த்தால், அந்தத் தொலைபேசியின் குரல் பதிவுகள் வீடியோக்களைப் போன்ற உள்ளமைப்பு உடையவை. மென்பொருள் அவற்றை வீடியோ வகையில் சேர்த்திருந்தது. படமில்லாத வீடியோக்களைத் தனியே பிரித்தபோது 44 பதிவுகள் இருந்தன. பதினேழு இல்லை. முன்பகுதியில் திரைப்பாடல்கள் அமர்ந்த இடத்தில் அவை இருந்திருக்க வேண்டும். காலமான பாட்டியின் ஒன்பதில் முதல் சந்திப்பில் எடுத்த ஐந்தும் போயின. இரண்டாம் சந்திப்பில் எடுத்த நான்கும் கிடைத்தன.

மேலெழுதியவற்றை இன்னும் ஆழமாகத் தோண்டி எடுக்க முடியாதா என்று அக்கா கேட்டார். அட்டைக்குள் ஒரு கட்டுப்படுத்தி உள்ளது. தேய்மானம் ஒரே இடத்தில் விழாதபடி அது எழுத்தை இடம் மாற்றி மாற்றி வைக்கும். ஆகவே பழைய மின்னேற்றம் சிறிது காலம் எங்கோ ஓர் அறையில் இருந்திருக்கவும் கூடும். ஆயினும் நாம் அட்டையிடம் எந்த எண்ணைக் கேட்டாலும் கட்டுப்படுத்தி புதிய எழுத்தையே எடுத்துத் தரும். பழையதற்கு நம் பக்கத்திலிருந்து வழியில்லை.

பெயரற்ற 44 கோப்புகளை அடையாளம் கண்டது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். இத்தகைய கோப்பின் உள்ளே பதிவு செய்த நேரம் எழுதப்பட்டிருக்கும். 1904ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து எத்தனை வினாடிகள் என்ற கணக்கில்! அதை நாளாக மாற்றி, அக்காவின் களப்பணிக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டோம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஊர், பாடியவர் வயது, பாட்டின் முதலடி என்று பென்சிலால் எழுதியிருந்தார். ஒரே நாளில் எடுத்த பதிவுகளைக் கேட்டுக் கேட்டுப் பிரிக்க மட்டும் இரு மாலைகள் ஆயின. இழந்த பதினேழில் பன்னிரண்டு பாடல்களை மறுபடி அவ்வூர்களுக்குச் சென்று பதிவு செய்துவந்தார். காலமான பாட்டியின் ஐந்து பாடல்களுக்கு நோட்டில் இருந்த முதலடிகள் மட்டுமே ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற்றுள்ளன.

எட்டாதவை

பன்னிரண்டு அட்டைகளில் ஏழு ஏறக்குறைய முழுமையாகவும், மூன்று அரைகுறையாகவும் மீண்டன. இரண்டில் ஒன்றும் தேறவில்லை. அவற்றுள் ஒன்று, தொலைபேசியின் உள் நினைவகமாக மாற்றப்பட்டிருந்தது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் உள்ள வசதி இது. அவ்வாறு மாற்றினால் அட்டை முழுவதும் மறைகுறியாக்கப்படும். திறவுகோல் அந்தத் தொலைபேசிக்குள் மட்டும் இருக்கும். தொலைபேசி தண்ணீரில் விழுந்து இறந்துவிட்டதால் அட்டை நலமாக இருந்தும் பயனில்லை. மற்றொன்று, சந்தையில் மலிவாக வாங்கிய '128 ஜிகாபைட்' அட்டை. உள்ளே உண்மையில் இருந்த இடம் அதில் ஒரு சிறு பங்கே. நிரம்பிய பிறகு எழுதியவை எங்கும் எழுதப்படவே இல்லை. எழுதப்படாததை எப்படி மீட்பது? புதிய அட்டை வாங்கியவுடன் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை முழுதும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டால் இந்த மோசடி அன்றே தெரிந்துவிடும்.

பதிவு நடுவில் நின்றுபோன வீடியோவும் தொல்லையே. காட்சிகளுக்கான அட்டவணையைத் தொலைபேசி வழக்கமாகக் கடைசியில்தான் எழுதுகிறது. அது எழுதப்படுமுன் அணைந்துவிட்டால் காட்சி இருந்தும் ஓடாது. அதே தொலைபேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்டினால் அன்ட்ரங்க் என்ற மென்பொருள் சில வேளைகளில் சரிசெய்கிறது. கணிப்பொறியில் இட்டும் உயிரே காட்டாத அட்டைகள் என் எல்லைக்கு அப்பாற்பட்டவை. மைக்ரோ எஸ்டியில் நினைவகமும் கட்டுப்படுத்தியும் ஒரே கட்டியாக இருப்பதால், மேற்பூச்சைச் சுரண்டி நுண்கம்பி இணைத்துப் படிக்கும் ஆய்வகங்களே அதற்கு வேண்டும்; செலவும் மிகும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. குறிப்பாகத் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும். நான் மீட்கிறேன் என்றால் பிறரும் மீட்கலாம். படங்களை நீக்கிவிட்டோம், ஃபார்மட் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பழைய அட்டையை விற்பதும் தெரியாதவரிடம் கொடுப்பதும் வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமானால் அட்டை நிரம்பும்வரை வேறு ஏதேனும் கோப்புகளை எழுதிவிட்டுக் கொடுங்கள். கடைக்காரரின் திரைப்பாடல்கள் உண்மையில் பயன்படும் இடம் அதுதான். இதே காரணத்தால் மீட்கும் வேளையில் அட்டைக்குரியவர் என் அருகில் அமர்ந்திருக்க வேண்டும் என்று வைத்துள்ளேன். கோப்புகள் வரத் தொடங்கியதும் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன்.

செவ்வாயும் வியாழனும் வகுப்புகள் முடிந்தபின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் துறைத்தலைவர் அவர்களின் இசைவோடு இப்பணியைச் செய்துவருகிறேன். வருவோர் அட்டையைத் தொலைபேசியிலிருந்து உடனே கழற்றி, எதுவும் எழுதாமல் கொண்டுவரவும். அட்டையின் அளவைப்போல் இரு மடங்கு காலியிடம் உள்ள பென் டிரைவோ வன்தட்டோ உடன் தேவை. அதில் எந்த மாதத்தில் எவை எடுத்தீர்கள் என்று நினைவுள்ளவரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் பெயரற்ற கோப்புகளைப் பிரிக்க உதவும்.